பூச்சிகள் வாரம்: 3–5 வயதுப் பிள்ளைகளின் கைவேலை மேசைக்கு உதவப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

இளவேனில்:

தோழமைகளுக்கு வணக்கம்.

குழந்தைகள் விளையாட்டு மையம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். 3 முதல் 5 வயது வரை 14 பிள்ளைகள் வருகிறார்கள். நடத்துபவர் நல்ல அனுபவமுள்ள ஆசிரியை, நான் அவருக்குக் கைத்துணை. அடுத்த வாரத்தின் கரு ‘பூச்சிகள்’. கதையையும் பாட்டையும் ஆசிரியை பார்த்துக்கொள்வார். கைவேலை மேசையையும் ஒரு ஓடியாடும் விளையாட்டையும் என்னிடம் விட்டிருக்கிறார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

இணையத்தில் தேடினால் படம் படமாகக் கொட்டுகிறது. காகிதத் தட்டில் பொன்வண்டு, அட்டைக் குழலில் வண்ணத்துப்பூச்சி என்று எல்லாமே பார்க்க அழகு. ஆனால் அதில் மூன்று வயதுப் பிள்ளை எதைச் செய்யும், நான் எதைச் செய்வேன் என்று யோசித்தால் முக்கால்வாசி நான்தான் செய்ய வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

முன்கூட்டியே எவ்வளவு தயார் செய்துவைப்பது? கத்தரிக்கோல் கொடுக்கலாமா? செய்து முடித்த மாதிரி ஒன்றைக் காட்டலாமா? ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது? இதில் பழக்கப்பட்டவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காகிதக்கப்பல்:

வா இளவேனில். நல்ல கரு கிடைத்திருக்கிறது. பூச்சி என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் தாமாகவே குனிந்து பார்ப்பார்கள்.

முதலில் 14 பேரையும் ஒரே நேரத்தில் மேசையில் உட்கார வைக்காதே. நான்கைந்து பேர் மேசையில், மற்றவர்கள் வேறு மூலையில் விளையாட்டில், ஒருவர் எழுந்தால் இன்னொருவர் வரலாம் என்று ஆசிரியையிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள். 14 பேர் ஒன்றாக உட்கார்ந்தால் நீ பசை ஊற்றவும் பேர் எழுதவும்தான் சரியாக இருக்கும், ஒரு பிள்ளையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாது.

கத்தரிக்கோல் தாராளமாகக் கொடுக்கலாம். நுனி மழுங்கியதாக இருக்க வேண்டும், ஆனால் வெட்டும் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். வெட்டாத கத்தரிக்கோலைக் கொடுத்தால் பிள்ளை காகிதத்தைக் கசக்கும், அப்புறம் தனக்கு வெட்டத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளும். இடக்கைப் பிள்ளை இருந்தால் இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று கேட்டு வாங்கிவை. அதில் அலகுகள் மாறி அமைந்திருக்கும், வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டி ‘கறுக்’ என்று ஒரு வெட்டு வரும். நேர்கோட்டில் தொடர்ந்து வெட்டுவது நான்கை நெருங்கும்போது வரும். வட்டம் அதற்கும் பிறகுதான். அதனால் மூன்று வயதுக்காரரிடம் வட்டப் பொன்வண்டை வெட்டச் சொல்லக் கூடாது. கெட்டியான தாளை விரலகலப் பட்டைகளாக நீ வெட்டிக் கொண்டுபோ. ஒரு வெட்டு வெட்டினால் ஒரு துண்டு தனியே விழும். அந்தத் துண்டுதான் பூச்சியின் கால்! பிள்ளை தானே வெட்டிய கால்களைத் தானே ஒட்டும். மெல்லிய தாளைவிடக் கெட்டித் தாள்தான் சின்னக் கைக்கு எளிது, அது வளைந்து நழுவாது. கட்டைவிரல் மேல்பக்கம் இருக்கட்டும் என்று வாயால் சொன்னால் புரியாது. கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்து, “இந்தப் புள்ளி கூரையைப் பார்க்கட்டும்” என்று சொல்லிப் பார்.

பசையைக் குப்பியோடு கொடுக்காதே. ஒரு மூடியில் கொஞ்சமாக ஊற்றி, குட்டைப் பிரஷ் ஒன்று வை. காகிதத்தின் மூலைகளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடு, நழுவாமல் இருக்கும். பெயரைத் தொடங்கும் முன்பே பின்பக்கம் எழுதிவிடு. காயப்போட ஓர் இடம், ஈரத்துணி, கை கழுவ அனுப்பும் வரிசை, இந்த மூன்றையும் முன்னாலேயே முடிவு செய்துவை. எல்லோரையும் ஒன்றாகக் கை கழுவ அனுப்பினால் வரிசையில் நிற்கிற பொழுதில்தான் தள்ளுமுள்ளு வரும்.

செய்யப்போவதை வீட்டில் நீயே ஒரு தடவை செய்து பார்த்துவிடு, உனக்குப் பழக்கமில்லாத கையால். எந்த இடத்தில் பிள்ளை திணறும் என்று அப்போது தெரியும்.

வண்ணத்தூரிகை:

காகிதக்கப்பல் அக்கா சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் சரி. மாதிரி விஷயத்துக்கு நான் வருகிறேன், இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு: செய்து முடித்த மாதிரியை மேசையில் வைக்காதீர்கள்.

ஓவியம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் கண்கூடாகப் பார்க்கிறேன். மாதிரி இருந்தால் பிள்ளையின் கண் தன் தாளுக்கும் மாதிரிக்கும் போய்ப்போய் வரும். அப்புறம் கை நின்றுவிடும். “எனக்கு வரலை, நீங்களே செஞ்சு குடுங்க.” நம் கைவேலையை நகல் எடுக்க முடியாது என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டு போகிறது. மாதிரி இல்லாத மேசையில் அதே பிள்ளை சிவப்பின் மேல் நீலத்தை ஏற்றி, கறுப்பாகிவிட்டதைக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலால் கோடு இழுத்து, “இது ராத்திரிப் பூச்சி” என்று பேர் வைக்கும்.

பொருள்களைத் தட்டில் பரப்பி வையுங்கள். நீள்வட்டமாக வெட்டிய தாள்கள், பட்டைகள், நூல், காய்ந்த இலைகள், ஒளி ஊடுருவும் மெல்லிய தாள் (சிறகுக்கு அது அருமை). கிரேயானை ஒடித்துச் சின்னத் துண்டுகளாகக் கொடுங்கள். நீளமாக இருந்தால் முழுக் கையால் பிடிப்பார்கள், குட்டையாக இருந்தால் விரல் நுனிகள் தாமாகவே வந்து சேரும்.

பேசும்போது “என்ன இது?” என்று கேட்க வேண்டாம். பிள்ளை அதுவரை எதுவும் முடிவு செய்திருக்காது. “இந்தப் பக்கம் நிறையக் கோடு போட்டிருக்கே”, “ரெண்டு நிறம் சேர்ந்த இடத்தில வேற நிறம் வந்திருக்கே” என்று கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதுவே தொடங்கும்.

மரக்குதிரை:

> செய்து முடித்த மாதிரியை மேசையில் வைக்காதீர்கள்.

இதை நான் முழுதாக ஏற்கவில்லை, தோழி.

மழலையர் வகுப்பு எடுப்பவன் நான். வெறும் தாளைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். “உன் இஷ்டப்படி செய்” என்பது அவர்களுக்குப் பெரிய சுமை. ஓர் ஆரம்பம் கிடைத்தால்தான் கை அசையும். அதோடு, ஒன்றைப் பார்த்துச் செய்வதும் ஒரு திறமைதான். ஃப்ரீட்ரிஹ் ஃப்ரூபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஜெர்மானிய ஊரில் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடத்துக்குத்தான் 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். காகிதம் மடிப்பது, பட்டை பின்னுவது, களிமண் பிசைவது என்று அவர் வகுத்த கைவேலைகளில் மடிப்பும் பின்னலும் முறையாகப் படிப்படியாகச் செய்ய வேண்டியவை. தாளைச் சரிபாதியாக மடித்து அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வருகிறது என்பதைக் கையால் உணர்வது எவ்வளவு பெரிய கணிதம்! அதை ஒருவர் செய்து காட்டத்தானே வேண்டும்?

இளவேனில், நான் செய்வது இது. ஒரே மாதிரிக்குப் பதில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று செய்துவைப்பேன். ஒன்று குட்டை, ஒன்று நீளம், ஒன்றுக்குச் சிறகு. சற்று நேரம் காட்டிவிட்டு எடுத்து வைத்துவிடுவேன். “இப்படித்தான்” என்ற எண்ணம் உடைந்துவிடும், தயங்கும் பிள்ளைக்கு ஒரு பிடியும் கிடைக்கும்.

வண்ணத்தூரிகை:

அண்ணா, மடிப்பதையும் பசை தடவுவதையும் செய்து காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு வித்தையைக் காட்டுவது வேறு, முடிந்த பொருளை வைத்து அதைப் போல் வேண்டும் என்பது வேறு. மூன்று வெவ்வேறு மாதிரி என்பது நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். எடுத்து வைத்துவிடுகிறீர்கள் பாருங்கள், அதுதான் முக்கியம்.

ஆனால் மலைத்து உட்காரும் பிள்ளைக்கு மாதிரியைவிட ஒரு கேள்வி நன்றாக வேலை செய்கிறது. “உன் பூச்சி எங்க இருக்கு? மண்ணுலயா, இலை மேலயா?” இலை என்று பதில் வந்தால் இலையை ஒட்டச் சொல்லலாம். தாளில் ஏதோ ஒன்று ஏறிவிட்டால் மீதி தானாக நடக்கும்.

துளிர்:

பாதுகாப்பு பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. முதலுதவிப் பயிற்சி எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். பூச்சிக் கைவேலை என்றதும் எல்லோரும் வாங்குவது ஆடும் பிளாஸ்டிக் கண்கள். தயவுசெய்து வேண்டாம். சின்ன அளவுகள் எல்லாம் தொண்டையில் போய் நிற்கக்கூடியவை. 3 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், அதன் விட்டம் 3.17 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் அந்த வயதுக்கு ஆபத்து என்று கணக்கு. கழிப்பறைத் தாள் சுற்றிவரும் அட்டைக் குழலில் போட்டுப் பார்ப்பது வீட்டு வழி. அது சற்று அகலமானது, அதனால் இன்னும் எச்சரிக்கையான அளவு. உங்கள் பிள்ளைகள் 3 தாண்டியவர்கள்தான், ஆனாலும் கையில் கிடைத்ததை வாயில் வைப்பது 3ஆவது பிறந்தநாளோடு நின்றுவிடாது. தம்பி தங்கைகளும் கூட வருவார்கள். கண்ணைப் பேனாவால் வரையலாம், பஞ்ச் வைத்து வெட்டிய வட்டத் தாளையும் ஒட்டலாம்.

தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள், பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம், ரப்பர் பலூன் எதுவும் அந்த அறைக்குள் வரக் கூடாது. ஜெல் மணி வயிற்றுக்குள்ளும் பெருக்கும், குடலை அடைத்துவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். உணர்கொம்புக்கு வைக்கும் கம்பித் திரியின் நுனியை மடித்துவிடுங்கள். சூடான பசைத் துப்பாக்கி வீட்டோடு இருக்கட்டும்.

விளையாட்டு மாவு பிசைவதாக இருந்தால் இரண்டு விஷயம். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று ஆசிரியையிடம் பட்டியல் கேளுங்கள். பச்சை மாவில் கிருமி இருக்கலாம், வாயில் வைக்கிற வயதுக்கு அது நல்லதில்லை. உப்பு அதிகம் சேர்த்த மாவை நிறைய விழுங்கினாலும் ஆபத்து. முட்டை அட்டைகளுக்கும் இதே கேள்விதான், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் வேண்டாம்.

வெளியே பூச்சி பார்க்கக் கூட்டிப்போனால் ‘கண்ணால் பார்க்கலாம், கையால் தொட வேண்டாம்’ என்பதைக் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். கம்பளிப்பூச்சியின் முடி பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. பிளாஸ்டிக் கண்களை வாங்கும் பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தேன் துளிர் அக்கா, அடித்துவிட்டேன். உணர்கொம்புக்குக் கம்பித் திரிக்குப் பதில் நூல்.

இன்னும் இரண்டு. அங்கே கைவேலையை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் கொடுப்பது வழக்கமாம். தொடரலாமா? ஓடியாடும் விளையாட்டுக்கு என்ன செய்யலாம்?

மரக்குதிரை:

ஸ்டிக்கர் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், ஏற்கெனவே படம் வரைவதில் ஆர்வமுள்ள 51 பிள்ளைகள். ஒரு குழுவிடம் “வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் முடிவில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பிள்ளைகள் இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழு, மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தது.

கவனியுங்கள், எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆக, ஸ்டிக்கரைக் காட்டி “முடி, தருகிறேன்” என்று சொல்வதில்தான் கோளாறு. புது ஆளாகப் போய் அங்கிருக்கும் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, இளவேனில். ஸ்டிக்கர் தாளைக் கைவேலைப் பொருளாக மேசையிலேயே வைத்துவிடலாமா என்று ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். பொன்வண்டின் முதுகில் புள்ளியாக ஒட்டட்டும். உரித்து ஒட்டுவது விரலுக்கு நல்ல பயிற்சி.

காகிதக்கப்பல்:

ஓடியாட என்றால் எனக்குப் பிடித்தது தேனீ நடனம். பூ இருக்கும் இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் வந்து வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடி, வளைந்து திரும்பி, மறுபடி ஓடி எட்டு வடிவில் ஆடும். நேராக ஓடும் கோணம், சூரியனை வைத்துப் பூ எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு நேரம் ஆட்டுகிறது என்பது தூரத்தைச் சொல்லும். இதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃப்ரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு துணிப்பூவை அறையில் ஒளித்துவை. ஒரு பிள்ளைக்கு மட்டும் இடத்தைக் காட்டு. அது வந்து பேசாமல் ஆடியே சொல்ல வேண்டும். பூ பக்கத்தில் என்றால் கொஞ்சம் ஆட்டம், தூரத்தில் என்றால் நிறைய ஆட்டம், முகம் பூ இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மற்ற தேனீக்கள் தேடிப் பறக்கும். தோற்றவர் வெளியே என்ற விதி இதில் இல்லாதது எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியேற்றும் விளையாட்டில் முதலில் வெளியே போகிற பிள்ளைதான் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டிய பிள்ளையாக இருக்கும்.

ஓட்டத்தை அடக்க, ‘கூட்டுப்புழு’. பாட்டு நின்றதும் எல்லோரும் சுருண்டு படுத்து அசையாமல் இருக்க வேண்டும். மெதுவாகப் பாட்டைத் தொடங்கினால் சிறகு விரித்து எழலாம். சத்தம் போடாமலே அறை அமைதியாகும், அப்படியே கை கழுவ அனுப்பலாம்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளை பற்றிக் கேட்டிருந்தாய். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் மற்றவர்களோடு கலக்கும் விதங்களை வரிசைப்படுத்தினார். அதில் ‘பார்த்துக்கொண்டிருப்பது’ தனி வகை. பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைத் தனித்தனியே பார்ப்பது இன்னொன்று. சேர்ந்து திட்டம் போட்டு ஆடுவது கடைசியில் வருவது. ஓரமாக நின்று முழு ஆட்டத்தையும் கண்ணால் ஆடிவிட்டு, வீட்டுக்குப் போய் அப்படியே செய்து காட்டும் பிள்ளைகள் உண்டு. கையைப் பிடித்து இழுக்காதே. அதன் பக்கத்தில் நீ உட்கார்ந்து உன் பாட்டுக்குப் பட்டையை வெட்டு. கூடவே இன்னொரு கத்தரிக்கோல் அருகில் இருக்கட்டும். ஒன்றும் சொல்லாதே.

துளிர்:

கரு பற்றியும் ஒன்று. பூச்சிகள் வாரம் என்பதற்காக எல்லாம் பூச்சியாகவே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பிடித்துவைக்க வேண்டாம். ஒரு பிள்ளை பட்டைகளைத் தண்டவாளமாக அடுக்கி ரயில் விட்டால் ரயில் ஓடட்டும். கரு என்பது என்ன பொருள் கொண்டுபோவது, என்ன பேசுவது என்று முடிவு செய்ய நமக்கு உதவுவது.

மரக்குதிரை:

அதே சமயம், கருவோடு வரும் அறிவும் வேண்டும். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, அதனால் சிலந்தி பூச்சி இல்லை என்பதை நான்கு வயதுப் பிள்ளை ஆசையோடு பிடித்துக்கொள்ளும். தப்பாகச் செய்தால் மெதுவாகத் திருத்தலாம் என்பது என் எண்ணம்.

வண்ணத்தூரிகை:

அறிவு வேண்டும்தான். ஆனால் அதைப் பிள்ளையின் தாளில் கொண்டுபோய் வைக்காதீர்கள் அண்ணா. லென்ஸையும் எறும்பையும் காட்டுங்கள், அங்கே எண்ணட்டும்.

இளவேனில்:

நேற்று நடந்து முடிந்தது! விவரமாகச் சொல்கிறேன்.

மேசையில் மாதிரி வைக்கவில்லை. பட்டைகள், நீள்வட்டங்கள், இலை, நூல், ஸ்டிக்கர் (ஆசிரியை உடனே சரி என்றார்). ஐந்து ஐந்து பேராக வந்தார்கள். பட்டை வெட்டுவதுதான் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மூன்று வயதுப் பையன் ஒருவன் ஒட்டவே இல்லை. வெட்டினான், வெட்டினான், வெட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு துண்டும் விழும்போது குனிந்து எங்கே போனது என்று பார்த்தான். கடைசியில் எல்லாத் துண்டையும் ஓர் உறையில் போட்டுக் கேட்டான், பேர் எழுதிக் கொடுத்தேன்.

வாசலில் அவன் அம்மா உறையைத் திறந்து பார்த்துவிட்டு, “பூச்சி எங்கே?” என்று கேட்டார். “இன்னிக்குத் தொடர்ந்து வெட்டக் கத்துக்கிட்டார், இதெல்லாம் அவரே வெட்டினது” என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

ஒதுங்கி நின்ற பெண்குழந்தையின் பக்கத்தில் அக்கா சொன்னபடி சும்மா உட்கார்ந்து வெட்டினேன். கத்தரிக்கோலை அவள் எடுக்கவில்லை. ஆனால் நான் வெட்டிய துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள்.

மரக்குதிரை அண்ணாவுக்கும் வண்ணத்தூரிகை அக்காவுக்கும் ஒரு கேள்வி. நான்கு வயதுப் பெண் ஒருத்தி நீளமான பச்சை உடலில் வரிசையாகக் கால் ஒட்டிக்கொண்டே போனாள். உதவிக்கு வந்திருந்த இன்னொருவர் “பூச்சிக்கு ஆறு கால்தானே?” என்றார். அவள், “இது கம்பளிப்பூச்சி, நிறைய கால் இருக்கும், நான் பார்த்தேன்” என்றாள். நான் அவளிடம் “எங்கே பார்த்தே?” என்று மட்டும் கேட்டேன். அவள் பார்த்த செடி, இலை, ஓட்டை எல்லாம் சொன்னாள். யார் சொன்னது சரி?

துளிர்:

இரண்டு பேரும்! வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இவற்றின் புழுவுக்கு முன்பக்கம், தலையை ஒட்டி, மூன்று இணை உண்மையான கால்கள். வளர்ந்த பிறகும் இருக்கப்போகிற அதே ஆறு. அதற்குப் பின்னால் சதைப்பற்றான பொய்க்கால்கள், ஐந்து இணை வரை இருக்கும். கிளையைப் பற்றிக்கொள்ள அவைதான் உதவும். கூட்டுப்புழுவாகி வெளியே வரும்போது அவை இருக்காது. அந்தப் பெண் கண்ணால் பார்த்ததைத்தான் ஒட்டியிருக்கிறாள்.

மரக்குதிரை:

இதைப் படித்துவிட்டு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆறு என்று திருத்தியிருந்தால், சரியாகப் பார்த்த பிள்ளையிடம் அரைகுறைத் தகவலைத் திணித்ததாக ஆகியிருக்கும். “எங்கே பார்த்தே?” என்று கேட்டீர்களே இளவேனில், அதற்குப் பிறகு திருத்த வேண்டிய தேவையே வரவில்லை பாருங்கள். எண்ணிக்கையைக் கதை நேரத்தில் பேசிக்கொள்ளலாம். லென்ஸ் மூலை ஒன்று போட்டு, காற்று போக ஓட்டையிட்ட டப்பாவில் எறும்பை வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

வண்ணத்தூரிகை:

அந்தப் பையனின் உறை பற்றிப் படித்தேன். பெற்றோரிடம் ‘என்ன செய்தான்’ என்பதை வாசலில் ஒரு வரியில் சொல்வது நம் வேலையில் பாதி. அதைச் சொல்லாவிட்டால் அழகான பொருள் எங்கே என்ற கேள்வி ஆசிரியையிடம் போகும், அடுத்த வாரம் நாமே வெட்டி ஒட்டிக் கொடுக்கத் தொடங்கிவிடுவோம். ஒரு சின்னத் தாளில் “இன்று பட்டை வெட்டினோம், பசை தடவினோம், தேனீ நடனம் ஆடினோம்” என்று எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இளவேனில்:

கதவில் ஒட்டும் யோசனையை ஆசிரியையிடம் சொன்னேன், அவரே எழுதித் தருகிறேன் என்கிறார். அடுத்த கரு ‘நிழல்’. வெயில் இருந்தால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. ஏதாவது உண்டா?

காகிதக்கப்பல்:

வெளியே போனால் காலையில் ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை ஒரே பொம்மையின் நிழலைச் சாக்பீஸால் தரையில் சுற்றி வரையட்டும். பொம்மையை அசைக்கக் கூடாது. இரண்டு கோடும் ஏன் ஒன்றாக இல்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள், உடனே விடை சொல்லிவிடாதே. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடு. உள்ளே என்றால் ஒரு வெள்ளைத் துணி, பின்னால் ஒரு விளக்கு, நடுவில் அவர்கள் வெட்டிய அட்டை. அந்தப் பையனின் துண்டுகள் மிச்சம் இருந்தால் அதையும் குச்சியில் ஒட்டிப் பிடிக்கலாம்.

துளிர்:

குச்சியின் முனை மழுங்கியதாக இருக்கட்டும். டார்ச் வாங்கினால் பெரிய பேட்டரி போடுவதாக, மூடி திருகாணியால் பூட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். லேசர் விளக்கு வேண்டாம். மேசை விளக்கு என்றால் சூடாகாத எல்இடி, வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.